கட்டுரையில் பெயர் போடுவதற்கு முன்: ஆய்வு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் எல்லோரும் ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறி பற்றி இரண்டு கிரெடிட் பாடம் ஒன்றைப் படித்தாக வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019 இறுதியில் அறிவித்தது. அந்தப் பாடத்தை நான் நடத்துகிறேன். வகுப்பில் யாரும் வாய் திறப்பதில்லை. வகுப்பு முடிந்த பிறகு வராந்தாவிலும், டீக்கடையிலும், ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பிலும்தான் உண்மையான கேள்விகள் வரும். திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களின் சொற்களைக் கூடியவரை அப்படியே விட்டிருக்கிறேன்.

இந்த நெறிகளை வகுத்தது யார்? இது சட்டமா?

பெரும்பாலும் சட்டம் இல்லை. இதழ் நடத்துபவர்கள் தங்களுக்குள் பேசி ஒப்புக்கொண்ட நடைமுறை. 1997இல் பிரிட்டனில் சில மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள், தங்கள் மேசைக்கு வந்த சந்தேகத்துக்குரிய கட்டுரைகளை என்ன செய்வது என்று கூடிப் பேசத் தொடங்கினார்கள். அதுதான் 'கோப்' என்று எல்லோரும் சொல்லும் வெளியீட்டு நெறிக் குழுவாக வளர்ந்தது. அதற்கு முன்பே, 1978இல், கனடாவின் வான்கூவர் நகரத்தில் கூடிய மருத்துவ இதழாசிரியர்களின் குழு ஒன்று பொது விதிகளை எழுத ஆரம்பித்திருந்தது. ஒரு கட்டுரைக்கு யாரை ஆசிரியர் என்று சொல்லலாம் என்பதற்கு இன்றும் அந்தக் குழுவின் வரையறையைத்தான் பல துறைகள் எடுத்துக்கொள்கின்றன.

இந்தியாவில் கருத்துத் திருட்டு விஷயத்தில் மட்டும் யுஜிசியின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை இருக்கிறது. அது பல்கலைக்கழகங்களையும் கல்லூரிகளையும் கட்டுப்படுத்தும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கட்டுரையில் யார் யார் பெயர் வர வேண்டும்?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வான்கூவர் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆய்வைத் திட்டமிடுவதிலோ, தரவு திரட்டுவதிலோ, அதைப் பகுப்பதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது அதன் உள்ளடக்கத்தை ஆழமாகத் திருத்தியிருக்க வேண்டும். கடைசி வடிவத்தைப் படித்துச் சம்மதம் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லும் பொறுப்பை ஏற்க வேண்டும். இந்த நான்கில் ஏதாவது ஒன்று போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, நான்கும் வேண்டும்.

இதை வைத்துப் பாருங்கள். கருவி வாங்கப் பணம் ஒதுக்கிக் கொடுத்த துறைத்தலைவர், மாதிரிகளைக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்த ஆய்வக உதவியாளர், ஆங்கிலத்தைச் சரிபார்த்துத் தந்த நண்பர், ஊருக்குள் வழிகாட்டிய ஊராட்சித் தலைவர் என எல்லோரும் நன்றிப் பகுதிக்கு உரியவர்கள். நன்றிப் பகுதியைச் சிலர் இரண்டாந்தரமாக நினைக்கிறார்கள். அது தப்பு. செய்த உதவியைப் பெயர் சொல்லி எழுதும் இடம் அது.

மறுபக்கமும் உண்டு. ஆறு மாதம் உட்கார்ந்து புள்ளியியல் வேலை முழுவதையும் செய்து, கட்டுரையிலும் ஒரு பகுதியை எழுதிய முதுகலை மாணவியின் பெயரை விட்டுவிடுவதும் நெறி மீறல்தான். வேலை செய்யாதவர் பெயரைச் சேர்ப்பதற்கும், செய்தவர் பெயரை மறைப்பதற்கும் நான் வித்தியாசம் பார்ப்பதில்லை.

பெயர் போடுவது மரியாதை செய்வது போன்றது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரைப் போடுவது மாதிரி இங்கேயும் போடுகிறோம். ஆனால் ஆய்வுக் கட்டுரையில் இருக்கும் பெயர் பத்திரத்தில் போடும் கையெழுத்து மாதிரி. வில்லங்கம் வந்தால் கையெழுத்துப் போட்டவர் வந்து நிற்க வேண்டும்.

2020இல் நடந்ததைப் பாருங்கள். கொரோனா நோயாளிகளுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுத்தால் இறப்பு அதிகமாகிறது என்று லான்செட் இதழில் மே 22 அன்று ஒரு கட்டுரை வந்தது. 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள் என்று கணக்குச் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தின் பரிசோதனையையே சில நாள் நிறுத்திவைத்தது. தரவைக் கொடுத்தது சர்ஜிஸ்பியர் என்ற சிறிய நிறுவனம். அசல் தரவைக் காட்டுங்கள் என்று கேட்டபோது அவர்கள் காட்டவில்லை. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நான்கு ஆசிரியர்களில் அந்த நிறுவனத்தின் தலைவர் ஒருவர். மற்ற மூவரும்தான் திரும்பப் பெறும்படி கேட்டார்கள், தரவுக்கு இனித் தங்களால் உத்தரவாதம் தர முடியாது என்று. அந்தக் கேள்வியை அவர்கள் பெயர் போடுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

கைடு தன் பெயரை முதலில் போடச் சொல்கிறார். எழுதியதெல்லாம் நான்தான். என்ன செய்ய?

பெயர் வரிசைக்கு உலகப் பொது விதி கிடையாது. கணிதத்தில் அகர வரிசையில் போடுவது வழக்கம். உயிரியலில் முக்கிய வேலை செய்தவர் முதலிலும், ஆய்வகத்தை நடத்துபவர் கடைசியிலும் வருவார்கள். உங்கள் துறை வழக்கம் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம், வரிசையைப் பற்றிக் கட்டுரை முடிந்த பிறகு பேசாதீர்கள். ஆரம்பத்திலேயே பேசுங்கள். "சார், இந்தக் கட்டுரையை நான் எழுதத் தொடங்குகிறேன், முதல் பெயராக என் பெயர் வரட்டுமா?" என்று முதல் வாரத்தில் கேட்பது எளிது. எட்டு மாதம் கழித்து, இதழின் இணையதளத்தில் பெயர்களை நிரப்பும்போது கேட்டால் சண்டையாகிவிடும். பேசியதை ஒரு மின்னஞ்சலாகவும் அனுப்பி வையுங்கள். "இன்று பேசியபடி" என்று தொடங்கும் மூன்று வரி போதும். பல இதழ்கள் யார் என்ன செய்தார்கள் என்று தனியாக எழுதச் சொல்கின்றன. அந்தப் பகுதியை நேர்மையாக நிரப்பினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

உங்கள் கட்டுரையில் கைடுக்கு எந்தப் பங்கும் இல்லை, ஆனாலும் பெயர் வேண்டும் என்கிறார் என்றால் நிலைமை கடினம். பட்டம் அவர் கையெழுத்தில் இருக்கும்போது எதிர்த்து நில்லுங்கள் என்று நான் எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஒன்று செய்யலாம். வரைவை அவரிடம் கொடுத்து, படித்துத் திருத்திக் கொடுக்கும்படி உண்மையாகவே கேளுங்கள். நல்ல கைடு படித்துவிடுவார். படித்துத் திருத்திக் கருத்துச் சொன்னால், நிபந்தனைகளுக்கு அருகிலாவது வந்து நிற்பார். உங்கள் கட்டுரையும் தேறும்.

சிமிலாரிட்டி 9 சதவீதம்தான் வந்திருக்கிறது. அப்படியென்றால் பிரச்சினை இல்லைதானே?

சிமிலாரிட்டி என்பது, உங்கள் எழுத்து ஏற்கெனவே இருக்கும் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் அளவு. யுஜிசியின் 2018 ஒழுங்குமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. ஆய்வேட்டில் 10க்கு மேல் 40 வரை இருந்தால், திருத்தி ஆறு மாதத்துக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மேற்கோள் குறியிட்டு, மூலம் சொல்லி எடுத்த பகுதிகளும், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றி ஆகியவையும் கணக்கில் சேராது. பொதுவாகத் தெரிந்த செய்திகளும், தற்செயலாக ஒத்துப்போகும் பதினான்கு சொற்கள் வரையிலான தொடர்களும் சேராது.

ஆனால் மென்பொருள் சொல்வது எத்தனை சொற்கள் ஒத்துப்போகின்றன என்பதை மட்டும்தான். திருட்டா இல்லையா என்று அதற்குத் தெரியாது. ஒன்பது சதவீதத்துக்குள் இன்னொருவரின் முடிவுரை முழுவதும் இருக்கலாம். முப்பது சதவீதத்தில் முறைப்படி மேற்கோள் காட்டிய சங்கப் பாடல்கள் மட்டுமே இருக்கலாம்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கட்டுரையைக் கணினி தமிழாகப் படிப்பதில்லை. உள்ளே இருப்பது ஆங்கில விசைக் குறிகள். அதனால் யூனிகோடில் இருக்கும் மூலத்தோடு அது ஒத்துப்போகாது, மென்பொருள் பூஜ்யம் என்று காட்டும். அந்தப் பூஜ்யத்தைக் காட்டி "சுத்தமாக இருக்கிறது சார்" என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் மொழிபெயர்த்துத் தன் பெயரில் போட்டாலும் மென்பொருள் பெரும்பாலும் கண்டுபிடிக்காது. இரண்டும் கருத்துத் திருட்டுதான். இன்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் குவிந்துகொண்டிருக்கின்றன. உங்கள் தலைப்பில் வேலை செய்பவர் என்றைக்காவது இரண்டையும் அடுத்தடுத்துத் திறந்து வைத்துப் படிப்பார். மென்பொருளுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்.

என் சொந்தக் கட்டுரையிலிருந்து நானே எடுத்தாலும் திருட்டா?

ஒரே முடிவை இரண்டு புதிய கட்டுரைகளாகக் காட்டினால் தவறு. பழைய கட்டுரையைக் குறிப்பிட்டு, ஆய்வு முறையை விவரிக்கும் சில வரிகளைத் திரும்ப எழுதினால் பெரும்பாலான இதழ்கள் ஏற்கும். ஆய்வேட்டின் ஓர் இயலைக் கட்டுரையாக்குவதும், வெளிவந்த கட்டுரையை ஆய்வேட்டில் சேர்ப்பதும் வழக்கமானதுதான். எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டால் போதும்.

ஒரே ஆய்வைத் துண்டு துண்டாக நறுக்கி ஐந்து கட்டுரை போடுவதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். ஒரு கிராமத்தில் எடுத்த கணக்கெடுப்பில் ஆண்களுக்கு ஒரு கட்டுரை, பெண்களுக்கு ஒரு கட்டுரை, முதியவர்களுக்கு ஒரு கட்டுரை என்று போட்டால், ஒன்றை மட்டும் படிப்பவருக்கு அந்தக் கிராமம் பிடிபடவே படாது.

ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பலாமா? ஒன்று ஏற்றால் மற்றதை விலக்கிக்கொள்ளலாமே?

கூடாது. கூலி வாங்காமல் உங்களுக்காகப் படிக்கும் இரண்டு மூன்று மதிப்பீட்டாளர்களின் நேரம் வீணாகும். பதில் வரத் தாமதமானால் எழுதிக் கேளுங்கள். பொறுக்க முடியாவிட்டால் முறைப்படி விலக்கிக்கொண்டு, அது உறுதியானபின் அடுத்த இதழுக்கு அனுப்புங்கள்.

போலி இதழை எப்படிக் கண்டுபிடிப்பது?

போன ஆண்டு ஒரு மாணவர் மிகவும் சந்தோஷமாக ஒரு மின்னஞ்சலைக் காட்டினார். கட்டுரையை வெள்ளிக்கிழமை இரவு அனுப்பியிருக்கிறார். ஞாயிறு மதியம் ஏற்பு வந்துவிட்டது. 'கிரீட்டிங்ஸ் ஆஃப் த டே' என்று தொடக்கம். மூன்று மதிப்பீட்டாளர்கள் படித்ததாக ஒரு வரி. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. கீழே ஜிபே எண். செவ்வாய்க்கிழமைக்குள் 4,500 ரூபாய் கட்டினால் இந்த மாத இதழிலேயே வரும், சான்றிதழ் தனியாக அனுப்பப்படும் என்று இருந்தது. இதழின் பெயரில் 'இன்டர்நேஷனல்', 'அட்வான்ஸ்டு', 'மல்டிடிசிப்ளினரி' மூன்றும் இருந்தன. நாங்கள் இருவரும் உட்கார்ந்து அதன் கடைசி இதழைத் திறந்தோம். வாழை நார்க் கழிவு, சிலப்பதிகாரத்தில் பெண், ஜிஎஸ்டி, நரம்பு அறுவை சிகிச்சை எல்லாம் ஒரே இதழில் அடுத்தடுத்து இருந்தன. பதிப்புக் குழுவில் இருந்த வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவரின் பல்கலைக்கழகப் பக்கத்தைத் தேடினோம். அவர் பட்டியலிட்டிருந்த இதழ்களில் இது இல்லை. மாணவர் ஒன்றும் பேசாமல் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த ஒரு மின்னஞ்சலில் எல்லா அடையாளமும் இருக்கிறது. நம்ப முடியாத வேகம், உள்ளடக்கம் இல்லாத மதிப்பீடு, உடனே பணம், எல்லாத் துறைக்கும் ஒரே இதழ்.

ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதே என்பார்கள். அது எட்டு இலக்க அடையாள எண், அவ்வளவுதான். வண்டிக்கு நம்பர் பிளேட் இருந்தால் பிரேக் நன்றாக இருக்கிறது என்று பொருளாகாது. 'இம்பாக்ட் ஃபாக்டர்' (இதழின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதன் அளவு) என்று இணையதளத்தில் போட்டிருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். அதை விற்பதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் இருப்பதாகச் சொன்னால் ஸ்கோபஸின் பக்கத்துக்கே போய்த் தேடுங்கள், இதழ் கொடுக்கும் இணைப்பைச் சொடுக்காதீர்கள். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் திருடிக்கொண்டு அதே மாதிரி போலி இணையதளம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ் என்றால், 2003இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டிஓஏஜே என்ற திறந்த அணுக்க இதழ்களின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இது எவ்வளவு பெரிய வியாபாரம் என்று புரிந்துகொள்ள இரண்டு செய்திகள். 2013இல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், லைக்கன் எனப்படும் கற்பாசியிலிருந்து எடுத்த மூலக்கூறு புற்றுநோய்ச் செல்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று வேண்டுமென்றே ஓட்டைகளோடு ஒரு பொய்க் கட்டுரை தயாரித்து 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. சயன்ஸ் இதழில் அதை எழுதினார். இரண்டாவது, நம் பக்கத்து ஐதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் நிறுவனம் பற்றியது. ஆய்வாளர்களை ஏமாற்றியதாக அமெரிக்க வணிக ஆணையம் 2016இல் வழக்குப் போட்டது. 2019இல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கும் மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது.

யுஜிசி கேர் பட்டியலில் இருந்தால் போதும் என்றார்களே?

இப்போது அந்தப் பட்டியல் இல்லை. முதலில் யுஜிசி ஒரு பெரிய அங்கீகாரப் பட்டியல் வைத்திருந்தது. 2018 மே மாதம் அதிலிருந்து 4,305 இதழ்களை ஒரேயடியாக நீக்கியது. அதற்குப் பதிலாகக் 'கேர்' பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டுவிட்டு, இதழைத் தேர்ந்தெடுக்கச் சில அளவுகோல்களை மட்டும் கொடுத்திருக்கிறது. இனி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே முடிவு செய்ய வேண்டும். ஆய்வேடு கொடுப்பதற்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற பொதுக் கட்டாயத்தையும் யுஜிசி 2022 ஒழுங்குமுறையில் எடுத்துவிட்டது. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் இன்னும் வைத்திருக்கின்றன. அதனால் உங்கள் பல்கலைக்கழகத்தின் இப்போதைய விதியை எழுத்தில் வாங்கிப் பாருங்கள். சீனியர் சொன்னது மூன்று வருடம் பழையதாக இருக்கலாம்.

கட்டாயத்தை எடுத்தது நல்லது என்பது என் கருத்து. போலி இதழ்களுக்குச் சோறு போட்டதே அந்தக் கட்டாயம்தான்.

பணம் கேட்டாலே போலி இதழா?

இல்லை. திறந்த அணுக்க இதழ்களில் நல்லவையும் கட்டணம் வாங்குகின்றன, சில சமயம் லட்சக்கணக்கில். அவர்கள் கட்டணத்தை வெளிப்படையாகப் போட்டிருப்பார்கள், மதிப்பீடு முடிந்து ஏற்ற பிறகுதான் கேட்பார்கள், முடியாதவர்களுக்கு விலக்கும் வைத்திருப்பார்கள். எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் ஒரு பைசாகூட வாங்காத நல்ல இதழ்களும் உண்டு.

ஏற்கெனவே போலி இதழில் இரண்டு கட்டுரை போட்டுவிட்டேன். என் வாழ்க்கை முடிந்ததா?

முடியவில்லை. முதலில் அங்கே மூன்றாவதைப் போடாதீர்கள். விலக்கிக்கொள்ளும்படி எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது, அல்லது விலக்குவதற்கும் பணம் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். அதே கட்டுரையை நல்ல இதழுக்கு அப்படியே அனுப்பினால் இரட்டை வெளியீடாகிவிடும். அதனால் புதிய தரவோடு விரிவாக்கி, முன்பு எங்கே வந்தது என்று எடிட்டருக்கு எழுதும் கடிதத்தில் உண்மையைச் சொல்லி அனுப்புங்கள். இருபத்துநான்கு வயதில், சொல்லித்தர ஆளில்லாமல், சேமித்து வைத்த உதவித்தொகையைக் கட்டி ஏமாந்தவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. தெரிந்தே தன் மாணவர்களை அங்கே அனுப்பி, எல்லாக் கட்டுரையிலும் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் பெரியவர்கள்மேல்தான் கோபம்.

தரவைக் கொஞ்சம் 'அட்ஜஸ்ட்' செய்தால் யாருக்குத் தெரியும்?

மதிப்பீட்டுக்காக எனக்கு வந்த ஒரு கட்டுரையில் 40 பேரிடம் கேட்டதாக எழுதியிருந்தது. அட்டவணையில் 37.2 சதவீதம் பேர் ஆம் என்றார்கள் என்று இருந்தது. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 பேரில் ஒருவர் 2.5 சதவீதம். 14 பேர் என்றால் 35, 15 பேர் என்றால் 37.5. நடுவில் 37.2 வரவே முடியாது. அட்டவணையின் பெரும்பகுதி அப்படியே. எட்டு வரிகளில் ஆறு வரி, 40 மனிதர்களால் உண்டாக்க முடியாத எண்கள். விளக்கம் கேட்டு எழுதினேன். கட்டுரையை விலக்கிக்கொண்டார்கள்.

படங்களும் அப்படித்தான். எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளர் 20,621 கட்டுரைகளின் படங்களைத் தன் கண்ணால் பார்த்து, 3.8 சதவீதத்தில் ஒரே படம் வேறு வேறு இடங்களில் சந்தேகப்படும்படி வந்திருப்பதைத் தன் சகாக்களோடு 2016இல் வெளியிட்டார். படத்தைத் திருப்பிப் போட்டாலும், வெளிச்சத்தைக் கூட்டினாலும் அதில் இருக்கும் ஒரு சின்னக் கீறல் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தை வைத்து நான் இதைச் சொல்ல விரும்பவில்லை. 1998இல் லான்செட்டில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 12 குழந்தைகளை வைத்து ஒரு கட்டுரை போட்டார். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் போடும் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் அது இணைத்துப் பேசியது. குழந்தைகளின் விவரங்கள் திரிக்கப்பட்டிருந்ததைப் பத்திரிகையாளர் பிரையன் டீர் வெளிக்கொண்டுவந்தார். கட்டுரையைத் திரும்பப் பெற்றது 2010இல். இடையில் 12 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் பயந்து ஊசி போடாமல் விட்ட பெற்றோரை எந்தத் திருத்தமும் போய்ச் சேரவில்லை. இன்றும் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அந்தப் பயம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பூச்சிமருந்தின் அளவோ, மண்ணின் உப்புத்தன்மையோ, குழந்தையின் மருந்தோ, நீங்கள் மாற்றும் ஓர் எண்ணை நம்பி யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைச் செய்யப்போகிறார்.

சாட்ஜிபிடியைப் பயன்படுத்தலாமா?

மொழியைச் சரிசெய்யப் பெரும்பாலான இதழ்கள் அனுமதிக்கின்றன, பயன்படுத்தியதைச் சொல்ல வேண்டும். ஆசிரியராகச் சேர்க்க முடியாது. 2023 தொடக்கத்திலேயே நேச்சர், சயன்ஸ் போன்ற இதழ்கள் இதைத் தெளிவாக்கிவிட்டன. காரணம் நாம் மேலே பார்த்த நான்காவது நிபந்தனைதான். கேள்வி கேட்டால் அதனால் பொறுப்பேற்க முடியாது. (1975இல் ஓர் இயற்பியலாளர் கட்டுரை முழுவதும் 'நாங்கள்' என்று எழுதிவிட்டதால், மறுபடி தட்டச்சு செய்வதற்குப் பதில் தன் பூனையின் பெயரை இணையாசிரியராகச் சேர்த்தார். பூனைக்கும் அதே சிக்கல்தான்.)

நான் பயப்படுவது மேற்கோள்களைப் பற்றி. இல்லாத கட்டுரைகளை, இருக்கும் ஆய்வாளர்களின் பெயரில், சரியான வடிவத்தில் அது உருவாக்கித் தரும். ஒவ்வொரு மேற்கோளையும் நீங்களே திறந்து படித்திருக்க வேண்டும். 2024 மார்ச்சில் ஒரு பெரிய பதிப்பகத்தின் இதழில் வெளிவந்த கட்டுரை, 'நிச்சயமாக, உங்கள் தலைப்புக்கு ஒரு முன்னுரை இதோ' என்ற பொருள்படும் வாக்கியத்தோடு தொடங்கியது. எழுதியவர்கள், மதிப்பிட்டவர்கள், எடிட்டர் என யாரும் முதல் வரியைக்கூடப் படிக்கவில்லை என்று தெரிந்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

பெரிய பதிப்பகம் என்றால் நம்பலாம்தானே?

முழுதாக நம்ப முடியாது. பெரிய பதிப்பகமான வைலி 2021இல் ஹிந்தாவி என்ற பதிப்பகத்தை வாங்கியது. 2023இல் மட்டும் ஹிந்தாவி இதழ்களிலிருந்து 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. 'பேப்பர் மில்' என்று சொல்லப்படும், போலிக் கட்டுரைகளைத் தயாரித்து விற்கும் கட்டுரைத் தொழிற்சாலைகள் சிறப்பிதழ்கள் வழியாக உள்ளே புகுந்திருந்தன. அவர்கள் திருடிய வாக்கியங்களை மென்பொருளால் சொல் மாற்றுவார்கள். அப்படி மாற்றும்போது 'பிரெஸ்ட் கேன்சர்' என்பது 'புஸம் பெரில்' ஆகும், அதாவது நெஞ்சக ஆபத்து. 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னெஸ்', போலிப் பிரக்ஞை. கணினி ஆய்வாளர் கியோம் கபனாக்கும் அவரது சகாக்களும் 2021இல் தொடங்கி இப்படிப்பட்ட தொடர்களைத் தேடியே ஆயிரக்கணக்கான கட்டுரைகளைக் கண்டுபிடித்தார்கள். உங்கள் பெயரை இணையாசிரியராகச் சேர்க்க இவ்வளவு ரூபாய் என்று டெலிகிராமில் வரும் விளம்பரம் இந்தத் தொழிற்சாலைகளுடையதுதான்.

என்னை மதிப்பீட்டாளராக அழைத்திருக்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

தெரிந்தவர் கட்டுரை என்றாலோ, நீங்கள் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தாலோ எடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். கட்டுரையை நண்பருக்கு அனுப்பாதீர்கள், சாட்பாட்டில் ஏற்றாதீர்கள், அது இன்னும் அவர்களுடைய ரகசியம். உங்கள் கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். குறையைச் சொல்லும்போது பக்கமும் வரியும் சொல்லுங்கள். மறுபக்கத்தில் முதல் கட்டுரை எழுதும் ஒருவர் இருக்கலாம்.

நான் நாட்டார் பாடல் சேகரிக்கிறேன். எனக்கும் சம்மதப் படிவம் எல்லாம் வேண்டுமா? அது மருத்துவர்களுக்குத்தானே?

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்குச் சம்மதம் வேண்டும் என்பது 1964ஆம் ஆண்டு ஹெல்சின்கி பிரகடனத்தில் மருத்துவத்துக்காகத்தான் எழுதப்பட்டது. ஆனால் அதன் நியாயம் எல்லோருக்கும் பொருந்தும். ஒப்பாரி பாடும் அம்மாவிடம் போய் ரெக்கார்டரை நீட்டுகிறீர்கள். அவர் இறந்துபோன மகனை நினைத்துப் பாடுகிறார், நடுவில் மருமகளைத் திட்டுகிறார். அது அச்சில் வரும், அந்த ஊரிலேயே யாராவது படிப்பார் என்று அவருக்குத் தெரியுமா? அவருக்குப் புரியும் தமிழில் சொல்லிக் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் வாய்மொழிச் சம்மதத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். பெயர் போடலாமா என்றும் கேளுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். பலர், "என் பேரு போடுவியாய்யா?" என்று ஆசையாகக் கேட்பார்கள். அப்படிக் கேட்டவரைத் 'தகவலாளி 7' என்று குறிப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் நிறுவனத்தின் நெறிக்குழு ஒப்புதலையும் களத்துக்குப் போகும் முன்பே வாங்கிவிடுங்கள்.

வெளிவந்த கட்டுரையில் நானே ஒரு தவறைக் கண்டுபிடித்தேன். சொன்னால் மானம் போகுமே?

பிரான்சஸ் அர்னால்டு 2018இல் வேதியியல் நோபல் பெற்றவர். அதற்கு அடுத்த ஆண்டு அவர் குழு சயன்ஸ் இதழில் நொதிகள் பற்றி ஒரு கட்டுரை போட்டது. பிறகு அந்த முடிவைத் திரும்பச் செய்ய முடியவில்லை. ஆய்வகக் குறிப்பேட்டைப் பார்த்தபோது முக்கியமான சில சோதனைகளின் பதிவும் மூலத் தரவும் இல்லை. 2020 ஜனவரியில் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அந்த நேரத்தில் வேலை மிகுதியால் தன் கடமையைச் சரியாகச் செய்யவில்லை என்று அவரே ட்விட்டரில் எழுதி மன்னிப்புக் கேட்டார். அவர்மேல் இருந்த மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை.

சிறிய பிழை என்றால் திருத்தக் குறிப்பு, முடிவே மாறினால் திரும்பப் பெறுதல். மற்ற ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டு எடிட்டருக்கு எழுதுங்கள்.

தவறைப் பார்த்தேன். யாரிடம் சொல்வது?

இதழின் எடிட்டருக்கு எழுதலாம். அவர் பதில் சொல்லாவிட்டால், அந்த இதழ் கோப் உறுப்பினர் என்றால் கோப் அமைப்புக்குக் கொண்டுபோகலாம். உங்கள் நிறுவனத்துக்குள் என்றால், யுஜிசியின் 2018 ஒழுங்குமுறைப்படி துறை அளவில் ஒரு கல்வி நேர்மைக் குழுவும், நிறுவன அளவில் இன்னொன்றும் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

எழுதும்போது ஆளைப் பற்றி எழுதாதீர்கள், கட்டுரையைப் பற்றி எழுதுங்கள். "இவர் திருடர்" என்ற கடிதம் குப்பைக்குப் போகும். "பக்கம் 14இல் உள்ள அட்டவணை 3, இன்னாரின் 2016 ஆய்வேட்டில் பக்கம் 88இல் உள்ள அட்டவணையோடு எண்ணுக்கு எண் ஒத்துப்போகிறது, இரண்டையும் இணைத்திருக்கிறேன்" என்று எழுதினால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது. அனுப்பியதன் நகலை உங்கள் சொந்த மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள், கல்லூரி மின்னஞ்சலில் வேண்டாம்.

கைடுக்கு எதிரான விஷயம் என்றால் தனியாகப் போகாதீர்கள். உங்கள் டாக்டரல் கமிட்டியில் நீங்கள் நம்பும் ஒருவரிடம் முதலில் பேசுங்கள். அப்படி யாருமே இல்லை என்றால், என்னைப் போன்றவர்கள் வேறு கல்லூரிகளிலும் இந்தப் பாடத்தை நடத்துகிறோம். வந்து கேளுங்கள்.